கடலுக்கு அங்குட்டு இருந்த மாமன்

மானகிரியில் ரங்கூன் வீரையா என்று சொன்னால் இன்றைக்கும் ஆளாளுக்கு ஒரு வேடிக்கை வைத்திருக்கிறார்கள். பால் ஊற்றாத தேத்தண்ணி குடித்தவர், பூப்போட்ட கைலியை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஊருணிக்குக் குளிக்கப் போனவர், செத்துப் போய் இருபது வருடம் ஆனவர்களைப் பேர் சொல்லி விசாரித்தவர். எல்லாம் உண்மைதான், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு மனுசரை இந்த மூன்று வேடிக்கையோடு முடித்துவிடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அறுபத்தைந்தில் வந்து, பதினொரு வருடம் எங்களோடு இருந்து, எழுபத்தாறில் கண்ணை மூடியவர் அவர். வந்த வருடமே எங்களை விட்டுப் போய்விடப் பார்த்தார். அதற்குக் காரணம் என் வாய். அதனால் அதை நான் சொல்வதுதான் நியாயம்.

என் பேர் அன்னக்கிளி. காரைக்குடியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். வீரையா மாமா என் ஆத்தா பொன்னுத்தாயிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. நான் ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போது, முப்பத்தேழில், பதினெட்டு வயதில் பர்மாவுக்குக் கப்பலேறினார். காரைக்குடி ஏகப்பன் செட்டியாருக்குப் பெகு என்ற ஊரில் கடை இருந்தது. அந்தக் கடைக்குச் சமையல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று கூட்டிப் போனார்கள். மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் இருபத்தெட்டு வருடம் கழித்து வந்தார்.

எங்கள் பக்கத்தில் மாமன் சீர் என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பெண் சமைந்தால் பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்ட மாமன் வர வேண்டும். கல்யாணத்தில் முதல் மாலை அவர் போட்டு, அவர்தான் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். ஆனால் பாதி ஆம்பிளைகள் வியாபாரம் பார்க்கவும் கணக்கு எழுதவும் சமைக்கவுமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்த ஊர் இது. அதனால் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மாமன் வெளிதேசத்தில் இருந்தால் பங்காளி ஒருவர் அவருக்காக நிற்கலாம். நிற்கிறவர் சபையில் ஊர்த்தலைவரான அம்பலத்துக்கு முன்னால் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், இது இன்னார் பேருக்கு என்று. சொன்னால் போதும், அந்தச் சீர் கடலுக்கு அங்குட்டு இருக்கிறவர் செய்த சீராகிவிடும்.

அப்படி வீரையா மாமாவுக்காக நின்றவர் மருது மாமா. வீரையாவின் சித்தப்பா மகன், சம வயது, ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். மருது மாமாவுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. எங்கள் வீட்டை விட்டால் அவர் மாமன் என்று போய் நிற்க ஒரு வாசல் இல்லை. ஐந்து தடவை அவர் எங்களுக்காகச் சபையில் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. ஐந்து தடவையும் வாய் நிறைய, வீரையா பேருக்கு என்றுதான் சொன்னார். தன் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வீரையா மாமா கப்பலேறும்போது செட்டியாரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தார். தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கெல்லாம் தன் பேரில் காரைக்குடி வீட்டிலிருந்து சீர் போக வேண்டும் என்று. நாங்கள் அப்பச்சி என்று சொல்லும் அந்தச் செட்டியாரும் அதற்கென்ன என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் காது குத்தியபோது சொன்னபடி அனுப்பினார். பித்தளைக் குடம், பட்டுத் துணி, ஐந்து தாம்பாளம். அதைத்தான் மருது மாமா தூக்கி வந்தார்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். தபால் நின்றது. அப்பச்சியும் அந்தச் சமயத்தில் இறந்துபோனார். வீடு நாலு பங்காகிப் பூட்டிக் கிடந்தது. சமையல்காரப் பையனுக்குக் கொடுத்த வாக்கு யாருக்குத் தெரியும். நாற்பத்தெட்டில் என் தங்கை அழகிக்குக் காது குத்தும்போது ஆத்தா அந்த வீட்டு வாசல்வரை போய், உள்ளே நுழையக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தாள்.  மருது மாமா தன் வீட்டு வெண்கலப் பானையை விளக்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்து, வீரையா பேருக்கு என்று சொல்லிவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் சமைந்தது, என் கல்யாணம், அழகி சமைந்தது, எல்லாவற்றுக்கும் அவர் கையிலிருந்துதான் போனது.

ஆனால் பெகுவுக்கு வேறு மாதிரி எழுதிப் போட்டோம். ஆத்தா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். மாமா, தங்கள் சீர் செட்டியார் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது, ஊர் மெச்சியது என்று. ஏன் ஆத்தா பொய் எழுதுகிறோம் என்று ஒரு தரம் கேட்டேன். எழுதுடி என்றாள். எழுதினேன்.

மாமா வந்தது அறுபத்தைந்து சித்திரை. பர்மாவில் அரசாங்கம் கடை கண்ணியையெல்லாம் எடுத்துக்கொண்டு நம் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. காரைக்குடி ஸ்டேஷனில் நானும் மருது மாமாவும் காத்திருந்தோம். ரயிலிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. போட்டோவில் இருந்த மீசை இல்லை, முன்பல் இரண்டு இல்லை. மருது மாமாவுக்கு மட்டும் நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.  ஜட்கா ஏறும்போதுதான் வீரையா மாமா கேட்டார்.

"செவலக் காளை இருக்கா?"

"அது செத்து இருபத்தஞ்சு வருசமாச்சு" என்றார் மருது மாமா.

வீட்டில் ஆத்தா அழுது ஓய்ந்த பிறகு, அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த கெம்புக் கம்மலைத் துறைமுகத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். அங்கே கல்யாணம் கட்டினீகளா என்று ஊரே சுற்றி வளைத்துக் கேட்டபோது ஆத்தா நேராகவே கேட்டாள். "ஒருத்தி இருந்தா, அக்கா. அம்மை வாத்துப் போயிட்டா. பிள்ளை இல்லை." அவ்வளவுதான். ஆத்தா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனுசர் யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து தண்ணீர் இறைத்து, தொழுவம் கூட்டி, அடுப்பும் மூட்டிவிடுவார். ஆத்தாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். ஆனால் வெளியே போனால் வேறு ஆள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பெருமை பேசுவார்.

"நான் அங்குட்டுக் கெடந்தாலும் என் அக்கா மக்களுக்கு ஒரு கொறை வச்சதில்லப்பா. அன்னக்கிளி சடங்குக்கு மட்டும் இருபத்தோரு தாம்பாளம். கேட்டுப் பாருங்க."

கேட்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சடங்கில் சாப்பிட்டவர்கள். சீர் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ஆமாமா, ஆமாமா என்று தலையாட்டிவிட்டு டீயை ஆற்றிக்கொள்வார்கள். மருது மாமாவும் அதே பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டுவார். இதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தச் சடங்குக்குப் பச்சை ஓலை வெட்டப் பனையேறி, சறுக்கி விழுந்து, மருது மாமா ஒரு மாதம் கை தூக்க முடியாமல் கிடந்தார்.

இதற்கிடையில் அழகிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் கண்டரமாணிக்கம், மின்சார ஆபீசில் உத்தியோகம். தையில் முகூர்த்தம் வைத்தார்கள். எங்கள் அப்பா செத்து ஏழெட்டு வருடமாகியிருந்தது, ஆண்பிள்ளையும் இல்லாத வீடு. அழகி கல்யாணத்துக்கென்று மருது மாமா போன வருடமே அரக்குக் கரை வைத்த மாமன் சேலையை வாங்கி, பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். வீரையா மாமாவுக்கு இது எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குக் கல்யாண வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மருது, நீ பந்தக்காலு, வாழைமரம் எல்லாம் பாத்துக்க. சீரை நான் பாத்துக்கிறேன். இத்தன வருசம் எனக்காக அலைஞ்ச, போதும்."

அன்பாகத்தான் சொன்னார். மருது மாமா சரி என்றார். நான் அங்கேதான் இருந்தேன். அவர் சரி என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆத்தாவிடம் போய், இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடு என்று சண்டை பிடித்தேன். ஆத்தா காதிலேயே வாங்கவில்லை. "ஒனக்கு என்னடி தெரியும். வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, வீரையா மாமா காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு துணிப்பை. காப்பி கொடுத்தேன்.

"எங்குட்டு மாமா இவ்வளவு காலையில?"

"செட்டியார் வீட்டுக்குத்தான் தாயி. கல்யாணச் சீரு சொல்லிட்டு வரணும்ல. அப்பச்சி இல்லாட்டி என்ன, அவுக மக்க இருப்பாக. அஞ்சு தடவ குடுத்த வீடு. ஆறாவது தடவ இல்லைன்னா சொல்லிரப் போறாக?"

 அந்த வீட்டில் அப்போது ஒரு பேரன் மட்டும் மெட்ராஸிலிருந்து வந்து தங்கியிருந்தான். அவனுக்கு இவர் யாரென்றே தெரியாது. வாசலில் நிற்க வைத்து, என்ன வேண்டும் என்று கேட்பான். இவர் அஞ்சு தடவைக் கதையைச் சொல்லுவார். 

"வேண்டாம் மாமா. அவுகளை ஏன் தொந்தரவு பண்ணுறீக."

"என்ன தொந்தரவு. சும்மா கேட்டா நம்ப மாட்டாகன்னுதான் இதைக் கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். எல்லாம் கடிதங்கள், என் கையெழுத்து. துறைமுகத்தில் கம்மலையும் கடிகாரத்தையும் பிடுங்கியவர்கள் இதை மட்டும் விட்டிருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அன்புள்ள மாமாவுக்கு, செட்டியார் வீட்டில் சொல்லித் தாங்கள் அனுப்பிய சீர் வந்து சேர்ந்தது. இருபத்தொரு தாம்பாளம். பச்சை ஓலைக் குச்சு கட்டி, மருது மாமா தங்கள் பேருக்கு நின்றார்." நிமிர்ந்து பார்த்து, "தேதி முதக்கொண்டு இருக்கு பாரு" என்றார்.

அந்த இருபத்தொன்றும் நான் போட்டது. ஆத்தா ஏழு என்று எழுதச் சொன்னாள். வந்தது ஐந்து. பதிமூன்று வயதில் என் சடங்குச் சீர் ஏழு தாம்பாளம்தானா என்று எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது, எழுதிவிட்டேன். அதைத்தான் இந்த மனுசர் பத்திரமாக வைத்திருந்து டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்போதாவது நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் கிடையாது. என் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர் மேல் கொட்டினேன்.

"அந்த வீட்டுலருந்து ஒரு தேங்காகூட வரலை மாமா. எனக்குக் காது குத்துனப்ப வந்ததோட சரி. மிச்சம் எல்லாம் மருது மாமா செஞ்சது. ஓலை வெட்டப் போயிக் கையை ஒடிச்சுக்கிட்டது அவரு. என் கல்யாணத்துக்குப் பசுமாட்டைக் கொண்டுபோயிச் சந்தையில கட்டுனது அவரு. அவரைத்தான் நீங்க வாழைமரம் கட்டச் சொல்லியிருக்கீக. நீங்க அங்குட்டு உட்காந்துக்கிட்டுப் பேரை மட்டுந்தான் வச்சிருந்தீக."

கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லி முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துக் கட்டினார்.

"எல்லாமேவா?"

"ஆமா மாமா."

"அந்தக் குச்சும்?"

"அதுவுந்தான்."

 "எவ்வளவு நல்லா எழுதியிருந்த தாயி" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அது எனக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் மானகிரிக்குப் போய் ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் நின்றபடியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சண்டை முடிஞ்சு அவன்கிட்டருந்து வந்த மொதக் கடுதாசி ஒனக்கு ஞாபகமிருக்காடி. நீதான் படிச்சுச் சொன்ன. மூணு வருசம் கெழங்கைத் தின்னுட்டுக் கெடந்தேன், கடையும் போச்சு, முதலாளியும் இல்லைன்னு எழுதுனான். காசு வேணும்னு கேட்டானா, என்னைக் கூப்பிட்டுக்கன்னு கேட்டானா? நம்ம வீட்டு விசேசத்துல என் பேரைச் சொல்றாகளான்னு கேட்டான். அது ஒண்ணுதான் கேட்டான். இல்லைப்பா, ஒனக்கு ஊருல ஒண்ணுமில்லைன்னு நான் எழுதச் சொல்லணுமா?"

 அந்தக் கடிதத்தைப் படித்தது நான்தான். மறந்தே போயிருந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும். முப்பது வயதுக்காரிக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பொழுது சாய வீரையா மாமா வந்தார். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினார். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குத் திருச்சிப் பக்கம் சர்க்கார் குடிசை போட்டுக் கொடுக்கிறார்கள், கூட வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், போய்விடுகிறேன் என்றார்.

"கல்யாணம் முடியட்டும்டா" என்றாள் ஆத்தா.

"இல்லக்கா. என்னை அந்தச் சபையில நிக்க வைக்காத. மருதுதான் நிக்கணும். அவன் செஞ்சவன். நான் இருந்தா அவனை நிக்க விட மாட்டாக."

அழகி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மருது மாமாவைக் கூட்டி வரச் சொல்லி ஆள் விட்டோம்.

அவர் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்தார். ஆத்தா அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டார். மருது மாமா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போறியா? போ. போயிட்டு அழகியை யாரு மணவறைக்குக் கூட்டிப் போறதுன்னும் சொல்லிட்டுப் போ."

"நீதான்டா. வேற யாரு?"

"நான் எப்படி நிப்பேன்? நீ கடலுக்கு அங்குட்டு இருந்த, ஒன் பேரைச் சொல்லி நின்னேன். அதுக்கு ஊருல வழி இருந்துச்சு. இப்ப நீ திருச்சியில இருந்தா நான் என்னன்னு சொல்லுவேன்? ரயில் சத்தம் கேக்குற தூரத்துல இருக்கான், வர மனசில்லைன்னு சொல்லவா? ஊர் அம்பலம் என்னை நிக்க விடுவாரா? கண்டரமாணிக்கத்துக்காரன் என்ன கேப்பான்? தாய்மாமன் உசுரோட இருக்கான், கல்யாணத்துக்கு வரலை, பொண்ணுகிட்ட என்ன கொறைன்னு கேப்பான். நீயும் இல்லாம, நானும் இல்லாம, அந்தப் பிள்ளை தனியாவா நடந்து போகும்?"

வீரையா மாமா பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் இதை யோசித்திருக்கவில்லை. தான் விலகினால் மருதுவுக்கு வழி விடுவதாகத்தான் நினைத்திருந்தார்.

"நான் ஒண்ணுமே செய்யலையேடா" என்றார் கடைசியில்.  "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன். மாலையை எப்படிப் போடணும்னுகூட எனக்குத் தெரியாது. பதினெட்டு வயசுல போனவன்."

"தெரியாட்டி என்ன. நான் பின்னாடி நிக்கிறேன்" என்றார் மருது மாமா. சொல்லிவிட்டுக் காலைக் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வீரையா மாமா பெட்டியை மூடவும் இல்லை, அடுக்கிய துணியை வெளியே எடுக்கவும் இல்லை. அடுத்த ஐந்து நாளும் அந்தப் பெட்டி திறந்தபடியே கிடந்தது. அவர் மருது மாமாவோடு பந்தல் வேலைக்குப் போனார், கீற்று முடைந்தார், குழி தோண்டினார், கால் நட்டுக் கட்டினார்.  டீக்கடைப் பக்கமே போகவில்லை. முகூர்த்தத்தன்று சபைக்கு வருவாரா, இல்லை அன்று காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாரா என்று எங்களுக்கு நிச்சயமில்லை. ஆத்தா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

கல்யாணத்தன்று காலை மருது மாமா வீட்டிலிருந்து சீர் புறப்பட்டது. மேளம் முன்னால் வந்தது. நான் குத்துவிளக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். முதல் தாம்பாளத்தை, அரக்குக் கரைச் சேலையோடும் தேங்காய் பழத்தோடும், வீரையா மாமா தலையில் வைத்துத் தூக்கி வந்தார். பின்னால் மருது மாமா. ஆத்தாவுக்கு மூச்சு வந்தது.

சபைக்கு முன்னால் வந்து நின்றதும் ஊர் அம்பலம் வழக்கப்படி கேட்டார்.

"மாமன் சீரு யாரு பேருக்கு?"

வீரையா மாமா தாம்பாளத்தை இறக்கினார். எழுந்து நின்றார். என் பேருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை.

"இது மருது செஞ்சது. இதுக்கு முன்னாடி செஞ்சதும் அவன்தான். என் பேரைச் சொல்லிச் செஞ்சான். எனக்கே போன வாரந்தான் தெரியும்" என்றார்.

 ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் சபையில் ஒரு ஆள் தானாக இப்படி ஒத்துக்கொள்வதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலம் கனைத்துக்கொண்டு, "அது சரிப்பா, ஒரு பேரைச் சொல்லு, நேரமாகுது" என்றார்.

மாமா மருது மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மருது மாமாவுக்கு இத்தனை வருடப் பழக்கம். யோசிக்காமல், "வீரையா பேருக்கு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஆள் பக்கத்திலேயே நிற்பது உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது. அம்பலமே சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார்.

அழகியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். வீரையா மாமா மாலையை எடுத்தார். இப்படியா அப்படியா என்று தடுமாறி, மருது மாமா பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லச் சொல்ல ஒரு வழியாகப் போட்டார். அடுத்து பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும். கையை நீட்டினார்.  பாதியில் நின்றுவிட்டார். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கை முன்னே போகவும் இல்லை பின்னே வரவும் இல்லை. பெகுவில் குண்டு விழுந்தபோதுகூட இப்படிப் பயந்திருக்க மாட்டார்.

நான் பெண்ணுக்குத் துணையாகக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அதனால் அழகி சொன்னது எனக்குக் கேட்டது. அவர் வந்த ஒன்பது மாதத்தில் அவள் அவரை நேரில் ஒரு தரம்கூட மாமா என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு மாமா என்றால் மருது மாமாதான். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"பயப்படாதீக மாமா. எனக்கும் இதுதான் மொதத் தடவ."

சொல்லிவிட்டு அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்குக் கண்ணீர் கொட்டியது, வழி தெரியவில்லை. அவள்தான் அவரை மணவறைக்குக் கூட்டிப் போனாள்.